கொடையும் வரியும்: 1906ஆம் ஆண்டுக் கார்னகி மண்டபக் கூட்டம் பற்றிய சில சிந்தனைகள்

கல்லூரிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றுக்குக் கொடை வழங்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆண்டு விழா மலர்களையும் மண்டபச் சுவர்களிற் பதிக்கப்பெற்ற கல்வெட்டுகளையும் நிறுவுநர் நினைவுரைகளையும் ஆதாரங்களாகக் கொள்ளும் ஒருவர் வேறுவிதமாக எழுதுதல் எளிதன்று. ஏனெனில், அவ்வாதாரங்கள் யாவும் நன்றி கூறும் பொருட்டே தோன்றியவை. கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்பவற்றை அவை துல்லியமாகக் கூறும். கொடுக்கப்பட்ட பொருள் எவர் உழைப்பில் ஈட்டப்பட்டது, அது கொடையாக வந்து சேர்வதற்குப் பதிலாக வேறெவ்வடிவில் வந்திருக்கக்கூடும் என்ற வினாக்களுக்கு அவற்றில் இடமில்லை. இவ்வினாக்களை எழுப்புவதற்கு வாய்ப்பான ஒரு நிகழ்ச்சியை அமெரிக்கக் கல்வி வரலாற்றிலிருந்து எடுத்து இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

1906 ஜனவரி 22ஆந் திகதி இரவு நியூயோர்க் நகரிலுள்ள கார்னகி மண்டபத்திற் பெருங்கூட்டமொன்று நடைபெற்றது. அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் சிற்றூரிற் கறுப்பின மக்களுக்கென 1881இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லூரியின் வெள்ளிவிழாவையொட்டி அது ஒழுங்குசெய்யப்பட்டது. கல்லூரியின் அதிபர் பூக்கர் ரி. வாஷிங்டன் இருபத்தைந்தாண்டுகளாக ஆற்றிய பொதுப்பணியைப் பாராட்டுவதும், 18 இலட்சம் டொலர் நிதி திரட்டும் முயற்சியைத் தொடக்கிவைப்பதும் கூட்டத்தின் நோக்கங்களாக இருந்தன. பிரித்தானியாவுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றி முந்திய ஆண்டு நாடு திரும்பியிருந்த புகழ்பெற்ற வழக்கறிஞர் ஜோசப் சோட் தலைமை வகித்தார். பெரும் வணிகரும் டஸ்கீகியின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் ஒருவருமாகிய றொபேட் ஒக்டனும், எழுத்தாளர் மார்க் ட்வெயினும், வாஷிங்டனும் உரையாற்றினர். உரைகளுக்கிடையே கறுப்பினப் பாடகர் குழுவொன்று பழைய பாடல்களைப் பாடிற்று. வானிலை நன்றாக இல்லாதிருந்தும் மண்டபத்தினுள்ளே மூவாயிரம் பேரும் இடங்கிடையாது வெளியே இரண்டாயிரம் பேரும் திரண்டிருந்தனர் என்று ட்வெயின் தமது தன்வரலாற்றுக்காக மறுநாள் சொல்லி எழுதுவித்த குறிப்பிற் கூறுகின்றார். மண்டபமோ உருக்குத் தொழிலதிபர் அண்ட்ரூ கார்னகியின் பணத்திற் கட்டப்பட்டு 1891இல் திறக்கப்பெற்றது.

இத்தகைய விழாக்கள் அமெரிக்காவில் அதற்கு முன்னும் பின்னும் எண்ணற்றவை நடைபெற்றுள்ளன. எனினும் இவ்விழாவை நாம் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. கொடை என்பதும் வரி என்பதும் ஒரே மேடையில், ஏறத்தாழ ஒன்றையொன்று முகத்துக்கு முகம் நோக்கி நின்ற இரவு அது. அதனை விளக்குவதற்கு முன்னர் கல்லூரியின் தோற்றத்தைச் சற்று நோக்குதல் அவசியமாகும்.

டஸ்கீகிக் கல்லூரி எந்தக் கொடையாளியின் பணத்திலும் தோன்றியதன்று என்பது பலராலும் மறக்கப்பட்ட உண்மை. அவ்வூரில் லூயிஸ் அடம்ஸ் என்றொருவர் வாழ்ந்தார். அடிமையாகப் பிறந்து தகரவேலையிலும் பிற கைவேலைகளிலும் தேர்ச்சி பெற்றவர். கறுப்பின மக்களிடையே செல்வாக்குடையவர். 1880ஆம் ஆண்டுத் தேர்தலிற் போட்டியிட்ட வெள்ளையர் ஒருவர் அச்செல்வாக்கை நாடியபோது, வாக்குகளுக்குப் பிரதியாகத் தம் மக்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று அடம்ஸ் கேட்டார். விளைவாக அலபாமாச் சட்டசபை ஆசிரியர் சம்பளத்துக்கென ஆண்டொன்றுக்கு 2,000 டொலர் ஒதுக்கியது. வாக்குரிமை வரிப்பணமாகியது, வரிப்பணம் கல்லூரியாகியது. எஞ்சியவற்றை ஊரவர் கொடுத்தனர். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற மூதாட்டி ஒருவர், கந்தலுடையில் ஊன்றுகோலோடு வந்து, தம்மிடமிருந்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துச் சென்றதை வாஷிங்டன் தமது தன்வரலாற்றிற் பதிவுசெய்துள்ளார்.

அவ்வழி நெடுநாள் திறந்திருக்கவில்லை. தென்மாநிலங்களின் நிலவுடைமையாளரும் அவர்களோடிணைந்த வணிக வர்க்கத்தினரும் உள்நாட்டுப் போருக்குப் பின் இழந்த ஆதிக்கத்தை மீட்டெடுத்த காலம் அது. 1901இல் நிறைவேறிய அலபாமா அரசியலமைப்பு எழுத்தறிவு, சொத்து, தலைவரி முதலிய நிபந்தனைகளால் கறுப்பின மக்களின் வாக்குரிமையை அநேகமாக முற்றாகவே பறித்தது. ஏழை வெள்ளையரிற் பலரும் அதனால் வாக்கிழந்தனர் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். அதன் பின்னர் டஸ்கீகியில் ஓர் அடம்ஸ் தோன்றியிருந்தாலும் பேரம்பேச அவர் கையில் எதுவும் இருந்திராது. உரிமையாகக் கேட்கக்கூடியது எதுவுமில்லாத ஒரு சமூகம், கல்வியைக் கொடையாகக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது. கார்னகி மண்டபக் கூட்டத்தின் உண்மையான பின்னணி இதுவேயாகும்.

கொடை கேட்பதற்கென்று ஒரு மொழியும் உண்டு. இலக்கிய மாணவர் என்ற வகையில் எமக்குச் சிறப்பான அக்கறையுள்ள விடயம் இது. ‘அடிமைநிலையிலிருந்து மேலே’ என்று பொருள்படும் தலைப்புடைய வாஷிங்டனின் தன்வரலாறு முதலில் ‘அவுட்லுக்’ இதழிற் தொடராக வெளிவந்து 1901இல் நூலாகியது. அதன் நடை எளிமையானது, கசப்பற்றது. உரிமை மறுப்பைப் பற்றிப் பேசவேண்டிய இடங்களில் உழைப்பு, தூய்மை, பொறுமை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது. நூலின் பிற்பகுதியில் நிதி திரட்டுவது எவ்வாறு என்பது பற்றித் தனியோர் இயலே உண்டு. செல்வர்களை அவசரப்பட்டுக் குறைகூறுதலாகாது என்று அவ்வியல் வாசகருக்கு அறிவுரை கூறுகின்றது. நூலை வாசித்த ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1902இல் 5,000 டொலர் அனுப்பினார்; வேறு பலரும் அனுப்பினர். ஒரு தன்வரலாறு இவ்வளவு நேரடியாகத் தன் வாசகரின் பணப்பையை நோக்கி எழுதப்பட்டது அரிது என்று தோன்றுகின்றது. இது குற்றச்சாட்டன்று. அதன் உருவத்தையும் தொனியையும் தீர்மானித்த வாசகர் யார் என்பதே நாம் சுட்ட விரும்புவது. தம் மக்களுக்காக எழுதப்பட்ட நூலாயின் அது வேறொரு நூலாயிருந்திருக்கும்.

கொடையாளிகளுள் முதன்மையானவர் கார்னகி. ‘செல்வம்’ என்ற தலைப்பில் 1889இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பெருஞ்செல்வர் தம் வாழ்நாளிலேயே செல்வத்தைப் பொதுநலனுக்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும் என வாதிட்டது. சிலரிடம் செல்வம் குவிவது சமுதாய வளர்ச்சிக்கு இன்றியமையாதது. அதனை எவ்வாறு செலவிடுவது என்பதைக் குவித்தவரே நன்கறிவார். உழைப்போர் கையிற் கூலியாகச் சிறிது சிறிதாகப் போய்ச் சேருவதைக் காட்டிலும் பெருங்கொடையாக அவர்களைச் சென்றடைவதே பயன் மிக்கது. அக்கட்டுரையின் சாரம் இது. மூன்றாண்டுகளின் பின் அதன் செயல்முறை விளக்கம் பென்சில்வேனியா மாநிலத்து ஹோம்ஸ்டெட்டில் அரங்கேறியது. கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளரைக் கார்னகி நிறுவனம் 1892 ஜூலையிற் கதவடைத்து வெளியேற்றியது. பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆயுதந்தாங்கிய கூலிக்காவலர் முந்நூறு பேர் ஆற்றுவழியாகக் கொண்டுவரப்பட்டனர். மோதலில் இரு பக்கத்தும் உயிர்கள் பலியாயின. தொழிற்சங்கம் முறியடிக்கப்பட்டது. கார்னகி அவ்வேளை ஸ்கொட்லாந்தில் ஓய்விலிருந்தார். 1901இல் அவர் தமது நிறுவனத்தை 48 கோடி டொலருக்கு விற்றார். வாங்கிய உருக்குக் கூட்டு நிறுவனத்தின் முறிகளாகவே அவர் தம் பங்கைப் பெற்றார்.

அம்முறிகளில் 600,000 டொலர் பெறுமதியானவற்றை 1903 ஏப்ரிலில் டஸ்கீகியின் நிரந்தர நிதிக்கு அவர் வழங்கினார். இதன் பொருளை நன்கு சிந்தித்தல் வேண்டும். டஸ்கீகி மாணவனின் கல்விக்கு ஆண்டுதோறும் வந்துசேர்ந்த வட்டி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் உலைமுகத்தில் வெந்த தொழிலாளியின் உபரி உழைப்பிலிருந்து பிறந்தது. (உருக்குத் தொழிலிற் பன்னிரண்டு மணித்தியால வேலைநாள் 1923 வரை நீடித்தது.) அத்தொழிலாளருட் கணிசமானோர் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியானவர்கள். அவர்களும் அலபாமாவின் பருத்திக்காட்டுக் குத்தகையாளரும் ஒருவரையொருவர் அறிந்ததில்லை. அறியவேண்டிய தேவையும் ஏற்படாதவாறு இருவருக்குமிடையே கொடையாளி நின்றார். கொடை என்பது உழைப்பாளர் இருவரைத் தொடுக்கும் உறவை, செல்வர் ஒருவருக்கும் ஏழை ஒருவருக்குமிடையிலான உறவாக மாற்றிக் காட்டுகின்றது.

கொடை வந்த சூழலையும் மறத்தலாகாது. 1903 ஏப்ரில் 14ஆந் திகதி நியூயோர்க்கில், மடிசன் சதுக்கத்து மண்டபத்தில், 1906ஆம் ஆண்டினதைப் போன்றதொரு நிதிதிரட்டும் கூட்டம் டஸ்கீகிக்காக நடைபெற்றது. முன்னாள் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் அதில் உரையாற்றினார். கறுப்பின மக்களிடையே அறியாமையும் சோம்பலும் மலிந்துள்ளன என்ற கருத்தை அவ்வுரை தாங்கியிருந்தது. வாஷிங்டன் அதே மேடையில் அமர்ந்திருந்தார். சபையிலிருந்த கார்னகி சில நாள்களிற் தமது கொடையை அறிவித்தார். அதே மாதம் 27ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க உச்சநீதிமன்றம் கைல்ஸ் எதிர் ஹரிஸ் வழக்கிற் தீர்ப்பளித்தது. அலபாமாவின் புதிய அரசியலமைப்பின்படி தம் பெயர் வாக்காளர் இடாப்பிற் சேர்க்கப்படவில்லை என்று மொன்ற்கொமரி நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. நீதிமன்றம் பரிகாரம் வழங்க மறுத்தது. அவ்வழக்குக்குப் பணம் கொடுத்தவர் எவர்? வாஷிங்டனே. மறைபெயர்களைப் பயன்படுத்திக் கடிதமெழுதி, எவரும் அறியாவண்ணம், வழக்கறிஞருக்குரிய செலவை அவர் வழங்கினார். அவரது ஆவணங்கள் பிற்காலத்தில் ஆராயப்பட்டபோதே இவ்வுண்மை வெளிவந்தது.

ஒரே மாதத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது வாஷிங்டனைக் காட்டிக்கொடுத்தவர் என்று எளிதாக ஒதுக்கிவிட முடிவதில்லை. முற்போக்காளர் சிலர் அவ்வாறு எழுதுவதுண்டு. நாம் அதனோடு உடன்படோம். மேடையிற் பேசமுடியாததை அவர் மறைவிற் செய்தார். ஆயின் மறைவிற் செய்யப்படும் அரசியலுக்கு வெகுசனத் தளம் எதுவும் இருத்தல் இயலாது என்பதும், மேடையில் அவர் கூறியவையே சமுதாயத்தில் வினைபுரிந்தன என்பதும் அதேயளவு உண்மையாகும். கொடையாளியின் முன்னிலையில் வாக்குரிமையைப் பேசமுடியாதிருந்தமை அவரது தனிமனிதக் கோழைத்தனமன்று. கொடை என்ற உறவின் விதி அது.

அதே 1903இல் வெளிவந்த ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ என்ற நூலில் டியூ பொய்ஸ் வாஷிங்டனின் கொள்கையை விமரிசித்தார். வாக்குரிமை, குடியியற் சமத்துவம், ஆற்றலுள்ளோர்க்கு உயர்கல்வி ஆகிய மூன்றையும் கைவிட்டுப் பெறும் தொழிற்கல்வி நிலைக்காது என்பது அவரது வாதம். டியூ பொய்ஸ் கற்பித்த அற்லாண்டாப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவருக்கு கிரேக்கமும் இலத்தீனும் சமூகவியலும் கற்பித்தது. வெள்ளை ஆசிரியரின் பிள்ளைகளும் அங்கு பயின்றமையைக் காரணங்காட்டி ஜோர்ஜியா மாநிலம் ஆண்டொன்றுக்கு வழங்கிய 8,000 டொலர் மானியத்தை 1887இலேயே நிறுத்திவிட்டது. வடக்கின் செல்வரும் அதற்கு முகங்கொடுக்கவில்லை. தாம் அங்கிருப்பதே நிறுவனத்துக்கு நிதி கிடைப்பதற்குத் தடையாகின்றது என்ற உணர்வும், 1910இல் டியூ பொய்ஸ் அங்கிருந்து விலகியமைக்குக் காரணங்களில் ஒன்று. பாடத்திட்டம் எது என்பதை எந்தக் கொடையாளியும் சட்டமாக எழுதிக் கொடுத்தாரல்லர். எழுதத் தேவையிருக்கவில்லை. செங்கல் அறுக்கும் கல்லூரிக்கு முறிகள் வந்தன. சமூகவியல் கற்பித்த கல்லூரிக்கு வரவில்லை.

இனிக் கார்னகி மண்டபத்துக்கு மீள்வோம். தலைமை வகித்த சோட், பதினோராண்டுகளுக்கு முன்னர் அமெரிக்க வரலாற்றின் முக்கியமான வழக்குகளில் ஒன்றில் தோன்றியவர். 4,000 டொலருக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது நூற்றுக்கு 2 வீதம் வருமான வரி விதிக்கும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1894இல் இயற்றியது. நாட்டின் மிகப் பெரும்பாலான மக்களை அவ்வரி தொடவே மாட்டாது. அதனை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வாதாடிய சோட், அது பொதுவுடைமைக் கொள்கையிற் பிறந்த வரி என்றும், இன்று இதற்கு இடங்கொடுத்தால் நாளை தனிச்சொத்துரிமைக்கே பாதுகாப்பில்லாது போகும் என்றும் எச்சரித்தார். 1895 மே மாதத்தில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கியது. செல்வரிடமிருந்து சட்டப்படி அறவிடப்படும் நூற்றுக்கு இரண்டைத் தடுத்தவரே, செல்வர் விரும்பிக் கொடுக்கும் 18 இலட்சத்துக்காக அன்றிரவு தலைமை வகித்தார். இதில் முரண்பாடு எதுவுமில்லை என்பதே எமது கருத்து. கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள அதிகாரம் கொடுப்பவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்ற ஒரே கொள்கையின் இரு முகங்கள் அவை.

ட்வெயின் எழுந்து, சோட் ஏதும் பொய்யுரைத்தாற் சபையைக் காப்பதற்காகப் பொலிஸ்காரனாகத் தாம் வந்திருப்பதாகக் கூறித் தொடங்கினார். சபை சிரித்தது. பின்னர் அவர் எடுத்துக்கொண்ட பொருள் எவரும் எதிர்பாராதது. அமெரிக்கருக்குக் கிறிஸ்தவ ஒழுக்கங்கள் இரண்டுண்டு. ஒன்று தனிவாழ்வுக்குரியது, மற்றையது பொதுவாழ்வுக்குரியது. ஆண்டில் 363 நாள்களும் முதலாவதைக் கடைப்பிடித்து நேர்மையாக வாழும் ஒருவர், எஞ்சிய இரு நாள்களிலும் அதனை வீட்டில் வைத்துவிட்டு, ஒருநாள் வாக்குச் சாவடிக்கும் ஒருநாள் வரிக் கந்தோருக்கும் செல்கிறார். அங்கே தம்மிடம் எதுவுமில்லை என்று கையுயர்த்திச் சத்தியஞ் செய்கிறார். நியூயோர்க்கின் கோடீசுவரர் அனைவரும் இதைச் செய்கின்றனர் என்றும், அவர்களைத் தமக்கு நன்கு தெரியும் என்றும், தாமும் அவ்வழியிற் சென்றவரே என்றும் ட்வெயின் கூறிக்கொண்டு போனார். அவ்விரண்டாவது ஒழுக்கத்துக்குரியோர் அங்குதான், உயர்ந்த இருக்கைகளில், மாலை உடையிலும் நகைகளிலும் அமர்ந்திருந்தனர். அவர்களும் சிரித்தனர்.

அச்சிரிப்பே அவ்விரவின் மிகச் சிறந்த ஆவணம் என்று கருதுகின்றோம். அங்கதத்தின் ஆற்றலுக்குச் சான்றாக இவ்வுரையைக் காட்டுவோர் உளர். எமக்கு அது அங்கதத்தின் எல்லையைக் காட்டுவதாகவே தோன்றுகின்றது. குற்றம் சாட்டப்பட்டோர் குற்றச்சாட்டை நயந்து இரசித்துக் கைதட்டும்போது அது குற்றச்சாட்டாக எஞ்சுவதில்லை. விருந்தின் ஒரு பண்டமாகிவிடுகின்றது. ட்வெயினை மாத்திரம் இதற்குக் குறைகூறுதலும் பொருந்தாது. 1894இல் அவரது பதிப்பகம் முறிந்தபோது அவரைக் கடனிலிருந்து கரையேற்றியவர் ஸ்ரான்டட் எண்ணெய் நிறுவனத்தின் பெருந்தலைகளில் ஒருவராகிய ஹென்றி றொஜர்ஸ். வாஷிங்டனின் பாடசாலைகளுக்கு இரகசியமாக உதவிவந்தவரும் அவரே. 1909இல் றொஜர்ஸ் இறந்த பின்னரே அவ்வுதவியின் விபரங்களை வாஷிங்டன் வெளியிட்டார். நியாயம் பேசியவரும் நிதி கேட்டவரும் ஒரே கையை நம்பி நின்றனர். எனினும் வரி என்ற சொல்லை அம்மேடையில் உச்சரித்த ஒருவர் ட்வெயின் என்பதற்காக அவரை நாம் மதிக்கின்றோம்.

கொடையாளியின் பெயர் எவ்வாறு பிறருடைய பங்கை மூடிவிடுகின்றது என்பதற்குப் பிற்கால உதாரணமொன்றைத் தருதல் பயனுடையது. சியேர்ஸ் றோபக் வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் றோசன்வால்ட் 1912இல் டஸ்கீகியின் நம்பிக்கைப் பொறுப்பாளரானார். வாஷிங்டனின் தூண்டுதலால் தென்மாநிலக் கிராமங்களிற் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் கட்ட உதவினார். 1932 வரையில் ஏறத்தாழ 5,000 பாடசாலைகள் எழுந்தன. அவை இன்றும் றோசன்வால்ட் பாடசாலைகள் என்றே வழங்கப்படுகின்றன. அவற்றுக்கான மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 80 இலட்சம் டொலர். அதில் றோசன்வால்டின் பங்கு நூற்றுக்கு 15 வரையிலானது. கிராமத்துக் கறுப்பின மக்கள் காசாகவும் மரமாகவும் உழைப்பாகவும் கொடுத்தது நூற்றுக்கு 17ஐ அண்மியது. எஞ்சியதிற் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு 64 வரையிலானது, பொது வரிப்பணம். அவ்வரியிலும் கறுப்பின மக்கள் செலுத்தியது அடங்கும். 1988இல் ஜேம்ஸ் அன்டர்சன் வெளியிட்ட ஆய்வு, வரிசெலுத்தியும் தம் பங்கைப் பெறாது, அதே பாடசாலைக்காக மீண்டும் கொடுக்க நேர்ந்த இந்நிலையை இரட்டை வரி என்றே விபரிக்கின்றது. ஆறு முட்டைகளைக் கொடுத்த மூதாட்டி போன்றோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். பாடசாலையின் பெயர் ஒருவருக்கே போயிற்று.

இஃது எமக்குத் தொடர்பற்ற தொலைநாட்டுக் கதை என்று கருதுதல் வேண்டா. வாஷிங்டன் 1872 முதல் 1875 வரை பயின்றதும் டஸ்கீகிக்கு முன்மாதிரியாய் அமைந்ததுமான ஹம்ப்டன் கல்லூரியை 1868இல் நிறுவியவர் சாமுவேல் ஆம்ஸ்ட்ரோங். ஹவாய்த் தீவுகளில் மிஷனரியாகப் பணியாற்றிப் பின்னர் அங்கு கல்வித் துறைக்குப் பொறுப்பாயிருந்த ரிச்சட் ஆம்ஸ்ட்ரோங்கின் மகன் அவர். அத்தீவுகளில் மிஷனரிமார் நடத்திய கைத்தொழிற் பாடசாலையையே ஹம்ப்டனுக்கு அவர் மாதிரியாகக் கொண்டார். தந்தையை ஹவாய்க்கு அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சபைதான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் மிஷனரிமாரை அனுப்பியது.

யாழ்ப்பாணத்தில் அச்சபை நடத்திய விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளி, அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் வழக்கம் நிலவியது. ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886) தந்த சதாசிவம்பிள்ளை ஆனல்ட் ஆனமையும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனமையும், 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை கறல் ஆனமையும் இம்மரபின் வழியிலேயாம். அமெரிக்காவிற் கொடையாளியின் பெயர் கட்டிடத்தின் நெற்றியிற் பொறிக்கப்பட்டது. இங்கே பிள்ளையின்மீதே பொறிக்கப்பட்டது. 1823இல் தோன்றி, தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பித்த வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டமைக்கும் இதே உறவே காரணம். அது சமயப் பணியாளரை விட அரசாங்க உத்தியோகம் நாடுவோரையே உருவாக்குகின்றது என்று அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு கண்டது. முடிவு பொஸ்ரன் நகரத்தவருடையது. வட்டுக்கோட்டையாரிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை.

இலங்கையில் வருமான வரி 1932இல் நடைமுறைக்கு வந்தது. சர்வசன வாக்குரிமை அதற்கு முந்திய ஆண்டிலே வந்தது. 1945 ஒக்ரோபரிற் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இம்மூன்றின் வரிசை தற்செயலானதன்று. எழுதும் நாமும் வாசிப்போரிற் பலரும் அவ்வரிசையின் பயனாகவே பல்கலைக்கழகம் புகுந்தோம். எவருக்கும் நன்றியுரை நிகழ்த்தவேண்டிய தேவை எமக்கு ஏற்படவில்லை. இன்று எம் பாடசாலைகள் பலவற்றின் பழைய மாணவர் சங்கங்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இராப்போசன விழா நடத்தி, ஆய்வுகூடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் பணம் அனுப்புகின்றன. அங்கே இரவுவேலை செய்து மிச்சம்பிடித்துக் கொடுப்போரைக் கார்னகியோடு ஒப்பிடுதல் அநீதி. அவர்கள் முட்டை கொண்டுவந்த மூதாட்டிக்கு நெருங்கியவர்கள். எனினும் பட்டணத்துப் பெரிய கல்லூரிக்குக் கடல்கடந்த பழைய மாணவர் உளர். அயற்கிராமத்துச் சிறு பாடசாலைக்கு இல்லை. வரிப்பணம் குறையக் குறைய இவ்வேறுபாடு பெருகும் என்பதை, விழா மலருக்கு வாழ்த்துச் செய்தி வழங்குவோர் நினைவிற் கொள்வது நன்று.

டஸ்கீகி நிறுவுநரின் சிலையொன்று 1922 முதல் கல்லூரி வளவில் நிற்கின்றது. முழந்தாளிட்டிருக்கும் அடிமையின் முகத்திரையை வாஷிங்டன் அகற்றுவதாக அது வடிக்கப்பட்டுள்ளது. 1933 முதல் 1936 வரை அங்கு பயின்ற றல்ஃப் எலிசன், தமது ‘கண்ணுக்குப் புலப்படாத மனிதன்’ என்ற நாவலில் (1952) அதையொத்த சிலையொன்றைக் காட்டுகின்றார். திரை விலக்கப்படுகின்றதா, இன்னும் இறுக மூடப்படுகின்றதா என்று கதைசொல்லியால் துணியமுடிவதில்லை. அந்நாவலில் வடக்கிலிருந்து வரும் நம்பிக்கைப் பொறுப்பாளர், மாணவரின் வாழ்வே தமது விதி என்று உருகுகின்றார். தமக்கு வண்டியோட்டும் மாணவனின் பெயரையோ கேட்டறிந்தாரில்லை. கல்விக் கொடை பற்றி எழுதப்பட்ட வரலாற்று நூல்கள் பலவற்றிலும் காணக்கிடையாத கூர்மை அப்பகுதிக்கு உண்டு.

வாஷிங்டன் 1915இல் மறைந்தபோது டஸ்கீகியின் நிரந்தர நிதி 20 இலட்சம் டொலரை அண்மியிருந்தது; மாணவர் தொகை 1,500 வரையிலானது. சோட் தடுத்துவைத்த வருமான வரி, 1913இல் நிறைவேறிய பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் மீண்டும் வந்தது. நான்காண்டுகளில், யுத்தச் செலவுக்காக வரி வீதங்கள் உயர்த்தப்பட்ட 1917இல், கொடை வழங்குவோர் அத்தொகையைத் தம் வருமானத்தின் நூற்றுக்கு 15 வரையிற் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி சேர்க்கப்பட்டது. வீதங்கள் மாறியபோதிலும் அவ்விதி நிலைத்துவிட்டது. கொடையாளி விட்டுக்கொடுத்ததன் ஒரு பகுதியை அரசாங்கம், அதாவது பிற வரியிறுப்பாளர், பெயரின்றி ஈடுசெய்கின்றனர். இன்று அமெரிக்கக் கல்லூரியொன்று தன் கொடைத்தலைவரைக் கௌரவித்து நடத்தும் இராப்போசன விழாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்குவோருக்கு, அச்சீட்டின் விலையில் உணவின் பெறுமதி எவ்வளவு, கொடை எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் பற்றுச்சீட்டு வழங்கப்படுகின்றது. உணவின் பெறுமதியைக் கழித்த பின் எஞ்சுவதற்கே வரிச்சலுகை உண்டு.